கலைச்சொல்: டயருக்கு அடியில் செருகும் பலகை – இழுவையா, பிடியா?

வணக்கம். மணலிலோ சகதியிலோ சிக்கிய வண்டியை வெளியேற்ற, டயரை ஒட்டிச் செருகும் பல்வைத்த பலகைக்கு நம் கலைச்சொல் பட்டியலில் 'இழுவைப் பலகை' என்று இருக்கிறது. டிராக்‌ஷன் போர்டு என்பதன் நேர்ப்பெயர்ப்பு. வண்டிக்காரர்கள் சிலர் 'மேக்ஸ்டிராக்ஸ்' என்றே சொல்கிறார்கள். அது ஆஸ்திரேலிய நிறுவனமொன்றின் வணிகப் பெயர், பொதுச்சொல் ஆகாது. இழுவையே இருக்கட்டுமா?

---

வேண்டாம். இயற்பியலில் காற்றின் தடைக்கும் 'இழுவை' என்று எழுதுகிறோம். அந்தக் குழப்பம்கூடப் பரவாயில்லை. இந்தப் பலகையின் இரு முனையிலும் கைப்பிடித் துளைகள் உண்டு. தூக்கிச் சுமக்கவும், புதைந்தால் உருவியெடுக்கவும்தான் அவை. பெயரிலேயே இழுவை இருந்தால், அதில் ஷேக்கிள் (கயிறு கோக்கும் உலோக வளையம்) மாட்டி வண்டியை இழுக்க ஒருவருக்குத் தோன்றும். துளை கிழிந்து பலகை ஆள்மேல் பாயும்.

'சாண்ட் லேடர்' என்பதை ஒட்டி 'மணல் ஏணி' என்பதும் ஆகாது. இரண்டாம் உலகப்போரில் விமானத் தளங்களுக்கு விரித்த துளையிட்ட எஃகுத் தகடு 10 அடி நீளம், 15 அங்குல அகலம், கிட்டத்தட்ட 30 கிலோ. பிறகு பாலைவனப் பயணிகள் அதையே வெட்டி மணலில் போட்டார்கள். இன்றைய நைலான் பலகை வேறு பொருள். ஏணி என்றால் பள்ளத்தின் குறுக்கே பாலமாகப் போடுவார்கள். நடுவில் தாங்கல் இல்லாமல் போட்டால் பெரும்பாலானவை வளைந்து முறியும்.

டயருக்கு இல்லாமல் போனது பிடி. 'டயர் பிடிக்கல' என்றுதானே ஓட்டுநர்கள் சொல்கிறார்கள்? 'பிடிபலகை' என்று வைக்கலாம்.

---

பிடிபலகையா, பிடிப்பலகையா? ஒற்று மிகுந்தால் 'பிடியை உடைய பலகை', அதாவது கைப்பிடி வைத்தது என்று காய்கறி நறுக்கும் பலகை நினைவுக்கு வருகிறது. வினைத்தொகையாக, ஊறுகாய், சுடுசோறு போல, வல்லினம் மிகாமல் எழுதினால் 'பிடிக்கும் பலகை'. அதுவே சரி. 'மீட்புப் பலகை' என்றும் யாரோ கேட்டிருந்தார்கள். கடலில் உயிர்காப்பவர்கள் மிதந்து செல்லும் பலகைக்கு அது பொருத்தம், அவர்களுக்கே விட்டுவிடுவோம்.

பதிவில் விளக்கக் குறிப்பும் வேண்டும். வாங்குபவர் எதைப் பார்க்க வேண்டும்?

---

முதலில் பொருள். சக்கரம் சுழன்று தேய்க்கும்போது பல் சூடாகிறது. எச்.டி.பி.ஈ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்) ஏறத்தாழ 130 டிகிரி செல்சியசிலும், பாலிபுரொப்பிலீன் 160-ஐ ஒட்டியும் உருகும். நைலான் வகைகள் 220 முதல் 260 வரை தாங்கும். மலிவுப் பலகையில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் சில நொடிகளில் பல்லின் நுனி மழுங்கி, உருகிய பிளாஸ்டிக் டயரின் பள்ளங்களில் இழை இழையாக அப்பிக்கொள்ளும். நைலானும் இதற்குத் தப்பாது, கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான். மாற்றக்கூடிய உலோகப் பல் வைத்தவையும் கிடைக்கின்றன. அவற்றில் வேகமாகச் சுழற்றினால் டயர்தான் அறுபடும்.

அகலம் டயரைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும்: 265 மி.மீ. டயருக்கு 330 மி.மீ. பலகை வசதி. நீளம் ஒரு மீட்டருக்குச் சற்று மேல். குட்டைப் பலகை தேரி மணல் போன்ற காய்ந்த பொடிமணலில் பயன்படாது. வண்டி வேகம் எடுப்பதற்குள் பலகை முடிந்துவிடும். நிறம் ஆரஞ்சோ மஞ்சளோ. கறுப்பு அழகுதான், ஆனால் சேற்றில் புதைந்தால் தேட வேண்டும். முனையில் ஒரு மீட்டர் நாடா கட்டிவிடுவது நல்லது.

பயன்படுத்தும்போது: டயர்க் காற்றை 15–18 பி.எஸ்.ஐ.க்கு இறக்கி, டயருக்கு முன்னால் சரிவாகத் தோண்டி, பலகையின் நுனி ரப்பரைத் தொடும்வரை அழுத்திச் செருக வேண்டும். தட்டையாக முன்னால் வைத்தால் சக்கரம் அதைத் தள்ளிக்கொண்டே போகும், ஏறாது. இரண்டே பலகை இருந்தால் எஞ்சின் சுழற்றும் சக்கரங்களுக்கு வையுங்கள். தாழ்கியரில் மெதுவாக ஏற வேண்டும். முன்னாலும் பின்னாலும் ஆள் நிற்கக் கூடாது. கெட்டித்தரை வரும்வரை நிறுத்தாதீர்கள். வந்த தடம் ஏற்கெனவே அமுங்கியிருப்பதால் பல நேரம் ரிவர்ஸே சுலபம். சேசிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) மண்ணில் உட்கார்ந்துவிட்டால் பலகை மட்டும் போதாது; அடியில் இருக்கும் மண்ணை அள்ளவோ, ஜாக்கியால் தூக்கவோ வேண்டும்.

---

நன்றி. பதிவு: பிடிபலகை (பெ.) – மண்ணில் புதைந்த சக்கரத்தை ஒட்டிச் செருகி, டயருக்குப் பிடி தரும் பல்வைத்த பலகை. கயிறு கட்டி இழுப்பதற்கோ பாலத்துக்கோ அன்று. 'பல்' என்பதா 'முள்' என்பதா என்று மட்டும் பாக்கி; கியருக்கும் பல் என்பதால் எனக்குப் பல்லே போதும்.