நீர்ச் சோதனையில் எல்லாம் சரியாம், சிப்பிகள் மட்டும் சாகின்றன

சிப்பிக்கூடை:
ஆற்றுக் கழிமுகத்தில் கூடை கட்டிச் சிப்பி வளர்க்கிறேன். போன மாதம் ஆறு நாள் விடாத மழை, மேலே அணையையும் திறந்துவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்துக் கூடையைத் தூக்கினால் பாதிக்கு மேல் வாய் பிளந்து கிடக்கின்றன, பலவற்றில் சதையே இல்லை. நீரைச் சோதிக்கக் கொடுத்தேன், கிருமி அளவு சரி என்று வந்தது. அப்புறம் எதனால் செத்தன? மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டும்.

உவர்நீர்:
கிருமிச் சோதனை சிப்பியைச் சாப்பிடும் மனிதருக்காகச் செய்வது. மலக்கிருமி நிறைந்த நீரிலும் சிப்பி உயிரோடு இருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது உப்பு. நன்னீர் வந்தால் சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு காத்திருக்கும், குளிர்ந்த நீர் என்றால் வாரக்கணக்கில்கூடத் தாங்கும், ஆனால் வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் உடம்பில் இருக்கும் சேமிப்பு வேகமாகக் கரைந்துவிடும். லிட்டருக்கு 5 கிராமுக்குக் கீழே உப்பு இறங்கி அப்படியே நின்றால் கூட்டமாகச் சாகும். மாதிரியை எப்போது, எந்த ஆழத்தில் எடுத்தீர்கள்?

சிப்பிக்கூடை:
கூடை தூக்கிய அன்று மதியம், மேல்மட்டத்தில்.

நீர்மானி:
அதற்குள் வெள்ளம் வடிந்திருக்கும். உப்புநீர் கனமானது, அடியில் தங்கும், ஆற்றுநீர் அதன் மேலே ஓடும். அதனால் சிப்பி இருக்கும் ஆழத்திலேயே, வற்றம், அதாவது கடல்நீர் இறங்குவது, முடியும் நேரத்தில் அளக்க வேண்டும், ஏனென்றால் அப்போதுதான் ஆற்றுநீர் அதிகம். ஆக்சிஜனை விடியும் முன் பாருங்கள். பகலில் பாசி ஆக்சிஜனை வெளிவிடுவதால் மதிய அளவு ஏமாற்றும், இரவில் எல்லா உயிரும் இழுத்துக்கொள்ள, லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே போயிருந்தால் ஆபத்து.

ஓதம்:
நோயையும் விட்டுவிடாதீர்கள். குஞ்சுகள் மட்டும் சில நாளில் மொத்தமாகச் செத்தால் வைரஸைச் சந்தேகிக்கலாம், பசிபிக் சிப்பியில் ஹெர்பஸ் வகை வைரஸ் அப்படித்தான் கொல்லும். பெர்கின்சஸ் ஒட்டுண்ணி வளர்ந்த சிப்பிகளைத் தாக்கும், ஆனால் அதற்கு உப்பும் சூடும் வேண்டும், வெள்ளநீர் அதைக் கொஞ்சம் அடக்கவே செய்யும். சோதனைக்கு வெற்று ஓட்டைக் கொடுத்துப் பயனில்லை. சதையோடு இப்போதுதான் வாய் திறக்கும் சிப்பிகளைக் குளிர்ச்சியாக, உறையவிடாமல் கொண்டுபோங்கள்.

சிப்பிக்கூடை:
இன்று ஒவ்வொரு கூடையாக எண்ணினேன். பெரியது சிறியது என்று பார்க்காமல் செத்திருக்கின்றன. மேல் வரிசைதான் காலி, அடியில் தொங்கிய கூடைகளில் முக்கால்வாசி பிழைத்திருக்கின்றன! உப்புமானி ஒன்று வாங்கப் போகிறேன். மிச்சத்தை நாளைய வற்றத்தில் கடலோரமாக நகர்த்துகிறேன்.