அமுக்குவான் வந்த இரவுகள்: சுங்கை சிப்புட் வட்டாரத்து அனுபவங்கள்

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

உறக்கத்தில் அமுக்குவான் என்று நாம் அழைக்கும் ஏதோ ஒன்று நெஞ்சின்மேல் ஏறி அமுக்கியதாகவும், கை கால் அசைக்கவோ குரல் கொடுக்கவோ இயலாமல் கிடந்ததாகவும் மலேசியாவில் நம் ரப்பர் தோட்டங்களில் வளர்ந்த பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். வெளியில் சொன்னால் பேய் பிடித்தவன் என்று ஊர் பேசுமே என அஞ்சி, மனத்துக்குள்ளேயே வைத்துக்கொண்டவர்கள் அவர்களைவிட அதிகம். அவர்களுக்காகவே என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன்.

ஆசிரியர் பயிற்சிக்குச் செல்லும் முன், அம்மாவுக்குத் துணையாகப் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலம் அது. வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் வரிசையில், நிற்க வேண்டும். வீட்டில் நான்கு மணிக்கெல்லாம் விளக்கு எரியும். அப்படியொரு விடியற்காலையில், அம்மா குசினியில் பால் வாளியை அலசும் ஓசை தெளிவாகக் கேட்டது. கண்ணைத் திறந்தேன். தகரக் கூரை தெரிந்தது, ஆணியில் தொங்கிய பால்கறை படிந்த என் சட்டை தெரிந்தது, ஆனால் ஒரு விரலைக்கூட அசைக்க முடியவில்லை. வாசற்படியில் எவரோ நிற்பது, பார்க்காமலேயே எனக்குத் தெரிந்தது. அந்த உருவம் நெருங்கி வந்து மார்பின்மேல் அமர்ந்தது. அம்மா என்று நான் கத்தியது தொண்டைக்குள்ளேயே அடங்கிப்போனது. நேரமாகிவிட்டதே என்று அவர் வந்து தோளைத் தொட்டதும் எல்லாம் அகன்றது. அன்றிரவு பாட்டி, பால்வெட்டும் கத்தியைத் துணியில் சுற்றி என் தலையணைக்கடியில் வைத்தார். பக்கத்துக் கம்பத்து மலாய்க்காரப் பெரியவரும் இது ஹந்து எனும் பேயின் வேலைதான் என்று உறுதியாகச் சொன்னார்.

காரணத்தைப் பின்னாளில் தேடிப் படித்தேன். உறங்குபவரின் விழிகள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் ஒரு கட்டம் உண்டு என்பதை, சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தேனியல் கிளைட்மனும் 1953-இல் வெளியிட்டார்கள். நம்முடைய தெளிவான கனவுகளில் பெரும்பாலானவை அப்போதுதான் வருகின்றன. கனவில் ஓடுபவர் உண்மையிலேயே எழுந்து ஓடிவிடாதபடி, தசைகளுக்குச் செல்லும் கட்டளைகளை மூளைத்தண்டு அந்நேரத்தில் தடுத்து வைக்கிறது. சில வேளைகளில் அந்தத் தடை நீங்கும் முன்பே விழிப்பு வந்துவிடுகிறது. உடல் இன்னும் கனவுறக்கத்தில் கிடக்க, உள்ளம் அறையைப் பார்க்கிறது, கனவின் மிச்சமும் அதே அறையில் நடமாடுகிறது. உறக்க முடக்கம் என்பது இதுதான். மூச்சு முட்டுவதற்கும் காரணம் இருக்கிறது: விலாவைச் சேர்ந்த தசைகள் தளர்ந்திருக்க, நுரையீரலுக்குக் கீழுள்ள உதரவிதானம் என்னும் தசை மட்டுமே மூச்சை நடத்துகிறது, ஆழமாக இழுக்க முயன்றால் அது நம் வசப்படுவதில்லை. ஆனாலும் மூச்சு நின்றுவிடுவதில்லை என்பதை அஞ்சிக் கிடப்பவர்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

உறக்கம் ஏறக்குறைய 90 நிமிடச் சுற்றுகளாக நடக்கிறது. விடியலை நெருங்க நெருங்கக் கனவுக் கட்டம் நீள்கிறது. நம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நேரத்தில்தான் எழுப்பப்பட்டார்கள். அமுக்குவான் இத்தனை லயங்களுக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வந்து போனதில், சுடுகாட்டைவிடப் பெரட்டு நேரத்துக்கே பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

செம்பனை ஆலைத் தொழிலாளர்:

ஐயா, எனக்கு இது பட்டப்பகலில் வருகிறது. இரவு ஷிப்டு முடிந்து காலையில் படுப்பவன் நான். ஷிப்டு மாறும் வாரங்களில், படுத்த சிறிது நேரத்துக்குள்ளாகவே உடல் கட்டுண்டு போகும். நெஞ்சில் அமுக்கம் எதுவும் இருப்பதில்லை. படுக்கையிலிருந்து மெல்லத் தூக்கப்பட்டு, சுழலும் மின்விசிறிக்கு வெகு அருகில் மிதப்பதாக உணர்வேன். ஒருநாள் காதோரத்தில் என் மகள் அப்பா என்று அழைத்தாள். அவள் அந்நேரம் பள்ளியில் இருந்தாள். மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்கத் தொடங்கிய பின் இது வெகுவாகக் குறைந்துவிட்டது. வரும்போது திமிறுவதில்லை, விழிகளை மட்டும் இங்குமங்கும் உருட்டிக்கொண்டே கால் பெருவிரலை அசைக்க முயல்வேன். நான் முனகினால் கையைத் தொடும்படி மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறேன், தொட்டதும் விட்டுவிடுகிறது. எல்லாருக்கும் யாரோ ஒருவர் நிற்பதாகவே தோன்றுவது ஏன் என்று ஐயா விளக்கினால் நன்றாக இருக்கும்.

மருத்துவமனைத் தாதி:

ஆசிரியர் ஐயாவுக்கும் அண்ணனுக்கும் வணக்கம். பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2011-இல் வெளியான கணக்கின்படி, பொதுமக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினரும் மாணவர்களில் ஏறத்தாழ 28 விழுக்காட்டினரும் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள். எப்போதாவது வந்து போனால் மருந்து தேவையில்லை. நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி.

எங்கள் தோட்டத்துப் பெண் ஒருத்திக்கு இது அடிக்கடி வந்தது. பெற்றோர் அவளைப் பூசாரி பூசாரியாக அழைத்துச் சென்றார்கள். ஓரிடத்தில் அவளை வேப்பிலையால் அடித்திருக்கிறார்கள். தனியே உட்கார வைத்துப் பேசியபோதுதான், சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும் என்றும், வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் மடங்கிச் சரிந்துவிடுவேன் என்றும் சொன்னாள். நார்கோலெப்சி என்ற நோய்க்கு இவை அடையாளங்கள். விழிப்பை நிலைநிறுத்தும் ஒரெக்சின் என்னும் பொருளைச் சுரக்கும் நரம்பணுக்கள் மூளையில் அழிவதால், சிரித்தால் சரிந்துவிடும் இந்த வகை நார்கோலெப்சி வருகிறது. அவள் இப்போது மருந்து எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறாள். அமுக்குவானோடு பகலில் அடக்க முடியாத உறக்கமும் சேர்ந்து வந்தால், தயவுசெய்து பிள்ளையை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஓய்வு பெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

தாதி அம்மா எழுதியது ஒவ்வொரு தோட்டத்துக் கோயிலிலும் வாசித்துக் காட்டப்பட வேண்டியது. தம்பியின் கேள்விக்கு வருகிறேன். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலன் செய்ன், இத்தகைய அனுபவங்களை மூன்றாக வகுத்தார்: அயலார் ஒருவர் அறையில் இருப்பதான உணர்வு, நெஞ்சை அமுக்கும் உணர்வு, மிதப்பது விழுவது போன்ற உணர்வு. என்னுடையவை முதல் இரண்டு, தம்பியுடையது மூன்றாவது. அசைய முடியாத நிலையில், ஆபத்தைத் தேடும் மூளைப் பகுதி விழித்துக்கொண்டு, காரணம் காணாதபோது எதிரி ஒருவரைத் தானே நிறுத்திவிடுகிறது என்பது அவர் தரப்பு விளக்கம். ஜப்பானியர் இதைக் கனாஷிபாரி என்கிறார்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கிழவி ஒருத்தி வந்து அமர்வதாகச் சொல்கிறார்கள்.

திருநீறு பூசிப் படுப்பதை நான் மறுக்க மாட்டேன். அச்சம் தணிந்தால் உறக்கம் சீராகும். அடிப்பதை மட்டும் ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

பால்வெட்டிலிருந்து ஓய்வு பெற்று, விடியும்வரை உறங்கத் தொடங்கிய பெரியவர்களுக்கு அமுக்குவான் வருவது நின்றுபோனதா என்பதை அறிய விரும்புகிறேன். வீட்டிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.