ஆலமரத்து வீட்டுக் குழு: அம்மா முழங்கால்

சுந்தரம் | காலை 6:41
*பலமுறை பகிரப்பட்டது*
இரண்டு வெண்டைக்காயைக் கீறி இரவு முழுவதும் தண்ணீரில் ஊறப்போட்டு, வெறும் வயிற்றில் குடித்தால் 15 நாளில் முழங்காலில் கிரீஸ் ஊறும்! ஆபரேஷனே தேவையில்லை!! அனைவருக்கும் பகிரவும் 🙏

கவிதா | 6:58
பெரியப்பா, குடிச்சா கெடுதல் ஒண்ணுமில்ல. ஆனா அந்தக் கொழகொழப்பு வயித்துலயே செரிச்சுப் போயிடும், முழங்கால் வரைக்கும் போகாது. மூட்டுக்குள்ள இருக்கிற திரவத்தை மூட்டைச் சுத்தின சவ்வுதான் சுரக்குது. பெரியம்மா எக்ஸ்ரே வந்துச்சா?

ராஜேஸ்வரி | 7:05
வந்துருச்சு கவி. ரெண்டு முழங்காலும் தேய்மானம் கிரேடு 3னு (4தான் கடைசி) போட்டிருக்கு. இடது கால்ல உள்பக்கம் இடைவெளி ரொம்பக் குறைஞ்சிருக்காம், ஓரத்துல எலும்பு முள்ளு மாதிரி வளர்ந்திருக்காம். அதைக் கேட்டதுலேர்ந்து அம்மா கட்டிலை விட்டு எறங்க மாட்டேங்கிறாங்க. நடந்தா இன்னும் தேயும்னு பயம்.

மல்லிகா | 7:09
ராஜி, காலைல எந்திரிச்சதும் விறைப்பு எவ்வளவு நேரம் நிக்குது?

ராஜேஸ்வரி | 7:10
பத்து நிமிஷம், மிஞ்சிப்போனா கால் மணி நேரம் அத்தை. நாலு எட்டு நடந்தா விட்டுடும்.

மல்லிகா | 7:12
அரை மணிக்குள்ள விட்டா தேய்மானத்தோட போக்குதான். ஒரு மணி நேரத்துக்கு மேல நின்னு, ரெண்டு கை விரல் முட்டியும் சேர்ந்து வீங்கினா அது முடக்குவாதமான்னு (உடம்போட எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்குற நோய்) பார்க்கணும். அதுக்கு மருந்தே வேற.

கவிதா | 7:20
எக்ஸ்ரே கிரேடுக்கும் வலிக்கும் நேர்க்கணக்கு கிடையாது அக்கா. கிரேடு 4 வச்சுக்கிட்டு சந்தைக்குப் போய் வர்றவங்க உண்டு, கிரேடு 2ல மாடி ஏற முடியாதவங்களும் உண்டு. எக்ஸ்ரேல எலும்பும் இடைவெளியும்தான் தெரியும், தொடைத் தசை எப்படி இருக்குன்னு தெரியாது. பெரியம்மா படுத்தே இருந்தா முன்தொடைத் தசை கரைய ஆரம்பிச்சிரும். அப்புறம் வைக்கிற ஒவ்வொரு அடியும் நேரா மூட்டு மேலயே இறங்கும். குருத்தெலும்புக்கு ரத்தக்குழாய் கிடையாது. நடக்கும்போது அழுந்தி விடுறதுலதான் அதுக்குச் சத்தே போகுது. படுக்கச் சொல்லாதீங்க.

சுந்தரம் | 7:24
டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரும்மா

கவிதா | 7:26
வீங்கிச் சூடா இருந்தா ரெண்டு மூணு நாள் குறைச்சுக்கலாம் பெரியப்பா, மாசக்கணக்குல இல்ல. அந்த நாள்லயும் கட்டில்ல படுத்தபடியே செய்ய வேண்டியது இருக்கு. எழுதறேன், நீளமா இருக்கும், அக்கா இதை நட்சத்திரம் போட்டு வச்சுக்கோங்க.

கவிதா | 7:41
முதல்ல துண்டு. கட்டில்ல காலை நீட்டி உக்காந்து, சுருட்டின துண்டை முழங்கால் குழிக்குக் கீழ வச்சு, முட்டியால அதைக் கீழ அழுத்தணும். முன்தொடை கல்லு மாதிரி இறுகணும், கைய வச்சுப் பாருங்க. 5 எண்ணி விடணும், ஒரு காலுக்கு 10 தடவை. எண்ணும்போது வாய்விட்டு எண்ணச் சொல்லுங்க. மூச்சை அடக்கினா பிபி ஏறும்.

அடுத்தது நேர்க்கால் தூக்கல். மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி வச்சுக்கணும். மத்த காலை முட்டி வளையாம, பாதத்தை மேல நிமித்தி, ஒரு அடி உயரம் தூக்கி 5 எண்ணணும். இங்கதான் எல்லாரும் தப்பு பண்றாங்க: மேல தூக்கிட்டு தொப்புனு போட்டுடுவாங்க. மெதுவா இறக்குறதுலதான் பாதிப் பலனே இருக்கு. முட்டி வளைஞ்சே தூக்கினா தொடைக்கு வேலை குறைஞ்சிரும். 10 வரலைன்னா 6 போதும், ஒழுங்கா 6.

மூணாவது உக்காந்து எழுறது. கைப்பிடி உள்ள நாற்காலி, சுவத்துல ஒட்டி. உக்காந்தா இடுப்பு முட்டியை விட உசரத்துல இருக்கணும், இல்லைன்னா மேல கெட்டித் தலையணை போடுங்க. நுனிக்கு நகர்ந்து, பாதத்தைப் பின்னால இழுத்து, மூக்கு கால்விரலைத் தாண்டுற அளவு முன்னால குனிஞ்சு எழணும். பெரியம்மா நிமிர்ந்தபடியே எழப் பாக்கறாங்க, அதுலதான் முட்டிக்கு வலி. முதல் வாரம் கைப்பிடியை அழுத்தி 5 தடவை, காலையும் சாயங்காலமும். பழகினதும் தலையணையை எடுத்துடலாம்.

நாலாவது, ஒருக்களிச்சுப் படுத்து முட்டியை மடக்கி, ரெண்டு குதிகாலும் ஒட்டியே இருக்க, மேல் முட்டியை மட்டும் திறக்கணும். இடுப்பு பின்னால சாயக் கூடாது. இது இடுப்புப் பக்கத் தசைக்கு. அது தளர்ந்தாத்தான் நடக்கும்போது உடம்பு ஆடும்.

ராஜேஸ்வரி | 7:49
செய்யும்போது வலிக்குதுன்னு நிறுத்திடுவாங்களே

கவிதா | 7:53
பூச்சியத்துலேர்ந்து பத்து வரைக்கும் மார்க் போடச் சொல்லுங்க. 4, 5 வரைக்கும் வலிச்சா பரவாயில்ல, மறுநாள் காலைக்குள்ள பழைய நிலைக்கு வந்துடணும். வரலைன்னா எண்ணிக்கையைப் பாதியாக்கணும், நிறுத்தக் கூடாது. முதல் ரெண்டு வாரம் வித்தியாசமே தெரியாது, ஆறு எட்டு வாரம் ஆகும். பாதிப் பேர் மூணாவது வாரத்துல விட்டுட்டு "எக்சர்சைஸ் பண்ணியும் கேக்கலை"ன்னு வருவாங்க 🙄

செல்வம் | 8:30
இப்பதான் மருந்துக்கடை திறந்தேன். ராஜி, அக்கா என்னென்ன மாத்திரை போடறா? எல்லாத்தையும் எழுது, பிபி சுகர் உட்பட.

ராஜேஸ்வரி | 8:36
அசிக்ளோஃபெனாக் 100 + பாராசிட்டமால் 325 காலைலயும் ராத்திரியும் மாமா. அது போக வலிச்சா டோலோ 650, சில நாள் மூணு. பிபிக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்தது. சுகருக்கு மெட்ஃபார்மின்.

செல்வம் | 8:44
அந்த வலி மாத்திரை எத்தனை நாளா?

ராஜேஸ்வரி | 8:45
தீபாவளிலேர்ந்து 😬 பழைய சீட்டைக் காட்டியே வாங்கிக்கிறாங்க

செல்வம் | 8:58
சரி, கவனமாப் படி. டெல்மிசார்டான், நீர் பிரிய வைக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு, அசிக்ளோஃபெனாக், இந்த மூணும் ஒரே உடம்புல சேரவே கூடாத கூட்டு. மூணும் மூணு பக்கத்துலேர்ந்து கிட்னியோட வடிகட்டுற அழுத்தத்தைக் குறைக்கும். சும்மா இருக்கும்போது தெரியாது. பேதி, வாந்தி, காய்ச்சல்னு உடம்புல தண்ணி வத்துற அன்னிக்குக் கிட்னி படக்குனு படுத்துரும். வயித்துப் புண்ணு, பிபி ஏறுறது வேற. அதுக்காக பிபி மாத்திரையை நிறுத்திடாதே, நிறுத்த வேண்டியது வலி மாத்திரையைத்தான். இந்த வாரமே ரத்தத்துல கிரியாட்டினினும் (கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டும்) பொட்டாசியமும் பார்த்து, டாக்டர்கிட்ட இந்தப் பட்டியலை அப்படியே காட்டு.

பாராசிட்டமால் கணக்கும் போடு. 325 ரெண்டு 650. டோலோவும் பாராசிட்டமால்தான், மூணு 1950. ஆக 2600 மி.கி. வயசானவங்களுக்கு நான் 3 கிராம் தாண்ட விடமாட்டேன். நடுவுல சளி மாத்திரை ஒண்ணு போட்டா அதுலயும் பாராசிட்டமால் இருக்கும், தாண்டிரும்.

கார்த்தி | 9:02
அப்ப வலிக்கு என்னதான் மாமா போடுறது? ஜெல் தடவினா ஒண்ணும் கேக்கலைங்கிறாங்க அம்மா

செல்வம் | 9:11
எவ்வளவு தடவுறாங்கன்னு பாரு. பட்டாணி அளவு எடுத்துத் தடவினா கேக்காதுதான். டைக்ளோஃபெனாக் 1 சதவீத ஜெல்னா முழு அளவு ஒரு முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 4 கிராம், நாளைக்கு 4 தடவை. ரெண்டு முட்டிக்கும் அப்படிப் போட்டா 30 கிராம் டியூப் ஒரு நாள்கூட வராது. யாரும் அப்படிப் போடறதில்ல. டாக்டர் சரின்னா, அதிகமா வலிக்கிற இடது காலுக்கு மட்டும் 4 கிராம், நாளைக்கு மூணு தடவை, ரெண்டு வாரம் விடாம போட்டுப் பாருங்க. முட்டியைச் சுத்தித் தடவணும், நடு எலும்பு மேல மட்டும் இல்ல. மேல ஒத்தடமோ இறுக்கக் கட்டோ கூடாது. கை கழுவிட்டுத்தான் கண்ணைத் தொடணும்.

ஜெல்லுன்னா ரத்தத்துல ரொம்பக் கொஞ்சம்தான் கலக்கும், ஆனாலும் கிட்னி ரிசல்ட் பார்த்துட்டு ஆரம்பி. இன்னொண்ணு, சுர்ருனு எரியறதெல்லாம் மெந்தால். எரியலைன்னா மருந்து மட்டம்னு அர்த்தமில்ல.

சுந்தரம் | 9:20
செல்வம், பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருத்தர் மூட்டுவலிக்குப் பொடி தர்றாரு. மூணே நாள்ல பறந்துடுதாம்.

செல்வம் | 9:22
அத்தான், மூணு நாள்ல பறந்தா அதுல ஸ்டீராய்டு இருக்கோன்னுதான் முதல்ல சந்தேகப்படணும். லேபிள் இல்லாத பொடில அது கலந்திருந்து பிடிபட்டது எத்தனையோ தடவை. சுகர் தாறுமாறா ஏறும், முகம் ஊதும், எலும்பு இளகும். மாசக்கணக்கா சாப்பிட்டவங்க பட்டுனு நிறுத்தினாலும் ஆபத்து. வாங்கிட்டீங்களா?

சுந்தரம் | 9:23
இல்ல இல்ல. விசாரிச்சேன் அவ்வளவுதான்.

ராஜேஸ்வரி | 10:05
கல் உப்பை வறுத்துத் துணில கட்டி ஒத்தடம் கொடுக்கலாமா அத்தை?

மல்லிகா | 10:12
விறைப்புக்குக் கொடுக்கலாம், 15 நிமிஷம். முட்டி வீங்கித் தொட்டாச் சூடா இருந்தா வேண்டாம். அன்னிக்கு ஐஸை ஈரத்துணில சுத்தி 10 நிமிஷம். அண்ணிக்கு சுகர் இருக்கு, காலுக்கு உணர்ச்சி குறைஞ்சிருந்தா சூடு தெரியாது. அதனால நீ உன் முன்கையில வச்சுப் பார்த்துட்டுத்தான் கொடுக்கணும். உப்பு மூட்டையால கொப்புளம் போட்டு வர்றவங்களை வார்டுல நிறையப் பார்க்கிறோம்.

அப்புறம் ராத்திரி முட்டிக்குக் கீழ தலையணை வச்சுத் தூங்கறாங்களா?

ராஜேஸ்வரி | 10:14
ஆமா, ரெண்டு தலையணை. அப்பதான் சுகமா இருக்காம்.

மல்லிகா | 10:19
எடுத்துடு. முட்டி மடங்கியே ராத்திரி முழுக்கக் கிடந்தா நாளாக நாளாக முழுசா நீட்ட வராது. நீட்ட வராத காலோட நடந்தா தொடைத் தசைக்கு ஓய்வே இல்ல, சீக்கிரம் சோர்ந்துடுவாங்க. பின்னாடி ஆபரேஷன் பண்ணினாலும் அந்த மடக்கை எடுக்கிறது கஷ்டம். ஒருக்களிச்சுப் படுத்து ரெண்டு முட்டிக்கும் நடுவுல ஒரு தலையணை வச்சுக்கலாம்.

கார்த்தி | 10:40
ஊசி போட்டா சரியாகும்னு சித்தப்பா சொல்றாரே

மல்லிகா | 10:52
எந்த ஊசி? ஸ்டீராய்டு ஊசின்னா வீங்கி வலிக்கிற நேரத்துல சில வாரம் நல்லாக் கேக்கும். சுகர் சில நாள் ஏறும், அதனால வீட்டுல தினம் பார்க்கணும். ஒரே மூட்டுல மூணு மாசத்துக்குள்ள திரும்பப் போடறதில்ல. ஜெல் ஊசின்னு சொல்றது ஹயலுரானிக் அமிலம். விலை அதிகம், பலன் அந்த விலைக்கு இல்ல. சில பேருக்குக் கேக்குது, ஆனா நான் காசு கொடுத்துப் போடச் சொல்லமாட்டேன்.

மாத்து மூட்டு ஆபரேஷன் பத்தி இப்பவே பேச வேண்டாம். உடற்பயிற்சியும் எடைக் குறைப்பும் சில மாசம் ஒழுங்காச் செஞ்சும், ராத்திரித் தூக்கம் கெட்டு, வீட்டுக்குள்ள நடக்கிறதே பாடா இருந்தா அப்பப் பேசுவோம். எக்ஸ்ரேயைப் பார்த்து மட்டும் யாராச்சும் தேதி குறிச்சா இன்னொரு டாக்டர்கிட்டயும் கேளுங்க. செயற்கை மூட்டுக்கு 2017 ஆகஸ்ட்லயே மத்திய அரசு உச்ச விலை வச்சிருச்சு. அதனால பில்லுல மூட்டு விலை தனியா, ஆஸ்பத்திரி செலவு தனியான்னு கேட்டு வாங்கணும்.

கவிதா | 11:15
எடைன்னதும் ஞாபகம் வந்துச்சு. அக்கா, பெரியம்மா இப்ப எத்தனை கிலோ?

ராஜேஸ்வரி | 11:16
72

கவிதா | 11:21
1 கிலோ குறைஞ்சா ஒவ்வொரு அடிக்கும் முழங்கால் மேல விழற பாரம் 4 கிலோ குறையும். இப்போதைக்கு 68ஐப் பாருங்க, போதும். ராத்திரிச் சாப்பாட்டுல சோத்தைப் பாதியாக்கி சுண்டல், முட்டை, பருப்புன்னு கூட்டுங்க. பட்டினி போட்டா தசையும் சேர்ந்து கரையும், அது நமக்கு ஆகாது. சோறு குறையறதால சுகர் மாத்திரை அளவையும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

சுந்தரம் | 11:30
கைத்தடி ஒண்ணு பரண்ல இருக்கு, எடுத்துக் கொடுத்தேன். இடது கால்தான் ரொம்ப வலிங்கிறா, இடது கைல பிடிச்சு நடக்கிறா. இன்னும் கஷ்டமா இருக்காம்.

கவிதா | 11:38
வலது கைல பிடிக்கணும் பெரியப்பா! வலிக்கிற காலுக்கு எதிர்க் கை. இடது காலை ஊன்றும்போது வலது பக்கம் கம்பு தாங்கினாத்தான் இடது முட்டிக்குப் பாரம் குறையும். கம்பும் இடது காலும் ஒண்ணா முன்னால போகணும். செருப்புப் போட்டு நிமிர்ந்து நின்னு கையைத் தொங்கவிட்டா, கைப்பிடி மணிக்கட்டு ரேகைக்கு நேரா வரணும். உசரமா இருந்தா தோள் தூக்கி வலிக்கும், குட்டையா இருந்தா கூன் விழும். படில ஏறும்போது முதல்ல வலது கால். எறங்கும்போது முதல்ல கம்பும் இடது காலும்.

கார்த்தி | 11:50
பாத்ரூமுக்கு என்ன பண்ணலாம்? பழைய டாய்லெட்தான்

மல்லிகா | 11:57
இந்தியன் டாய்லெட் மேலேயே வைக்கிற ஓட்டை போட்ட ஸ்டூல் கிடைக்கும். பிளாஸ்டிக் வேண்டாம், வழுக்கும். இரும்புக் கால், ரப்பர் புஷ், கைப்பிடி ரெண்டு பக்கமும் உள்ளதா வாங்கு. சுவத்துல கைப்பிடி பதிச்சா டைல்ஸை மட்டும் நம்பாம உள்ள செங்கல் வரைக்கும் ஆங்கர் போடச் சொல்லு. துண்டு தொங்கவிடற கம்பியைப் பிடிச்சு எழறது பெரிய ஆபத்து, அது கையோட வந்துரும்.

அரிவாள்மனையையும் மேசைக்கு ஏத்திடு, இல்ல கத்திக்கு மாறச் சொல்லு. கோலத்துக்குக் குந்த வேண்டாம், முக்காலில உக்காந்து போடட்டும், இல்ல யாராவது போடுங்க.

கார்த்தி | 12:03
ஊர்ல அப்பத்தாவுக்கும் இதேதான். அங்க பிசியோ யாரும் இல்லையே

கவிதா | 12:08
மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே பிசியோ வருவாங்க. 2021லேர்ந்து இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைக் கொடுத்துக் கேளு. நானும் வீடியோ கால்ல பார்க்கிறேன், நீ போனை அவங்க இடுப்பு உசரத்துல வச்சுப் பிடிச்சா போதும்.

மல்லிகா | 12:15
ஒண்ணு விட்டுட்டேன். முட்டி சிவந்து, சூடா வீங்கி, கூடவே காய்ச்சல்னா ஒத்தடம் கித்தடம் பார்த்துட்டு இருக்காம அன்னிக்கே ஆஸ்பத்திரி. கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கினாலும், விழுந்து எழுந்து காலை ஊன முடியலைன்னாலும் அப்படியே.

செல்வம் | 12:31
அத்தான், அந்தக் கைத்தடி அடில ரப்பர் இருக்கா? பரண்ல கிடந்ததுன்னா காய்ஞ்சு வெடிச்சிருக்கும், டைல்ஸ்ல சறுக்கும்.

சுந்தரம் | 12:40
பார்த்தேன். பாதி பிஞ்சிருக்கு.

செல்வம் | 12:41
கார்த்தி, அந்தக் கம்போட அடிப்பக்கக் கனம் எவ்வளவுன்னு ஸ்கேல் வச்சு அளந்து சொல்லு. மில்லிமீட்டர்ல.

கார்த்தி | 12:55
19 மாமா

செல்வம் | 12:57
அந்த அளவு ரப்பர் இருக்கு. சாயங்காலம் கடைப் பையன்கிட்ட ரெண்டா கொடுத்துவிடறேன். அதுவரைக்கும் அக்கா அதை ஊன்ற வேண்டாம்.