தானியம் வைத்தால் புறா மட்டும்தான் வருகிறது. சிட்டு, தேன்சிட்டு வர என்ன செய்யலாம்?

கொல்லைப்புறம்_திருச்சி கேட்டது:

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் சுமார் 20 அடிக்கு 30 அடி மண் தரை இருக்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, முருங்கை ஒவ்வொன்று, சுவரோரம் செம்பருத்தி. தினமும் காலையில் ஒரு தட்டு நிறையக் கம்பும் அரிசி நொய்யும் வைக்கிறோம். பக்கத்திலேயே எவர்சில்வர் கிண்ணத்தில் தண்ணீர். மாடப்புறாக் கூட்டம் வந்து பத்து நிமிடத்தில் தட்டைக் காலி செய்துவிடுகிறது. மற்ற குருவிகள் தூரத்திலேயே நின்றுவிடுகின்றன. தண்ணீரைக் காக்காயைத் தவிர யாரும் தொடுவதில்லை.

புறாவைத் தவிர்த்துச் சின்னப் பறவைகளுக்கு மட்டும் தீனி வைக்க முடியுமா?

இன்னொன்று, இவை என்ன பறவைகள்? சுவருக்கு வெளியே புல் விதையைத் தின்ன ஒரு சின்னப் பழுப்புக் கூட்டம் வரும், பார்த்தால் சிட்டுக்குருவி மாதிரிதான் இருக்கிறது. எலுமிச்சைக்குள் பச்சை முதுகோடு வாலைத் தூக்கிக்கொண்டு உடம்புக்குப் பொருந்தாத சத்தத்தில் ஒன்று கத்தும். செம்பருத்தியில் மஞ்சள் வயிறும் வளைந்த அலகுமாக ஒன்று வரும், ஆணா பெண்ணா தெரியவில்லை. கருப்பு வெள்ளையில் ஒன்று பைக் கண்ணாடியைக் கொத்திக்கொண்டே இருக்கிறது.

---

வயலோரம் பதில்:

புறாவைத் தடுக்க வழி இருக்கிறது, கூண்டுத்தட்டு. இரும்புக் கடையில் 1½ அங்குலக் கண் உள்ள வெல்டுமெஷ் (பற்றவைத்த கம்பி வலை) கேளுங்கள். 1 அங்குலத்தில் சிட்டே நுழையாது. 2 அங்குலத்தில் மைனா நெளிந்து உள்ளே போய்விடும். நீள அகலம் 45 செ.மீ., உயரம் 30 செ.மீ. வருமாறு பெட்டியாக மடித்துக் கட்டுக்கம்பியால் கட்டுங்கள். மேல்பக்கம் மட்டும் திறந்து மூடும்படி இருக்கட்டும். வெட்டிய கம்பி முனைகளை வெளிப்பக்கம் மடித்துத் தேய்த்துவிடுங்கள், இல்லையென்றால் உள்ளே பறப்பவற்றின் இறக்கை கிழியும்.

தீனித்தட்டு 15 செ.மீ. அகலத்துக்கு மேல் வேண்டாம். அதைச் சரியாக நடுவில் வைத்தால் எந்தப் பக்கமும் 15 செ.மீ. இடைவெளி இருக்கும், புறா கழுத்தை நீட்டினாலும் எட்டாது. பலர் கூண்டு செய்தும் பலன் இல்லை என்பதற்குக் காரணம் இந்த இடைவெளிதான். தட்டைக் கம்பி ஓரமாகத் தள்ளிவிடுவார்கள், புறா வெளியே நின்றபடியே காலி செய்துவிடும். பெட்டியின் அடியில் விளிம்பு உள்ள ஒரு தகரத் தட்டம் போடுங்கள். சிதறும் தானியம் அதிலேயே நிற்கும். தரையில் விழுந்தால் இரவில் எலி வரும், எலியைத் தேடிப் பாம்பும் வரும்.

அணிலை இந்தக் கண் தடுக்காது. ஒரு பங்கு அதற்கு என்று விட்டுவிடுவதுதான் நல்லது.

என்ன தானியம் என்பதும் முக்கியம். கம்பும் அரிசியும் புறாவுக்கு மிகவும் பிடித்தவை. உமி நீக்காத தினையும் சாமையும் வையுங்கள். சிட்டும் சில்லையும் (புல் விதை தின்னும் சின்னக் குருவி) உமியை அலகாலேயே உருட்டி நீக்கிவிட்டுத் தின்னும். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி போதும், ஒரு மணி நேரத்துக்குள் தீர்கிற அளவு. மிஞ்சியதை எடுத்துவிட்டு உமியை ஊதித் தள்ளுங்கள். அடியில் ஈரமாகத் தங்குவதில்தான் பூஞ்சணம் பிடிக்கும், பூஞ்சணம் பிடித்த தானியம் பறவைக்கு விஷம். விதைக் கடையில் வாங்கினால் விதைநேர்த்தி செய்ததைத் தவிருங்கள். பூஞ்சணக்கொல்லி தடவி இளஞ்சிவப்பாகவோ பச்சையாகவோ நிறமேற்றியிருப்பார்கள், பார்த்தாலே தெரியும். மளிகைக் கடைத் தினையே போதும்.

முறுக்கு, மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட சோறு, பால் எதுவும் வேண்டாம். உப்புச் சேராத சோறு ஒரு பிடி வைக்கலாம், கோடையில் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். பச்சரிசி வயிற்றில் ஊதிக் குருவி செத்துவிடும் என்று சொல்வது சரியல்ல. வயலில் அவை தின்பது அதைத்தானே.

புறா எச்சம் காய்ந்திருந்தால் அப்படியே பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசம் போட்டு அள்ளுங்கள். அந்தத் தூசியைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் ஒவ்வாமை வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் இதில் அலட்சியமே கூடாது.

---

செம்போத்து பதில்:

பெயர்களுக்கு வருகிறேன். முதலில் ஒரு பழக்கம். நிறத்தைப் பார்ப்பதற்கு முன் அலகைப் பாருங்கள், பிறகு எங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். வெயிலில் பச்சையாகத் தெரிவது நிழலில் பழுப்பாகத் தெரியும், அலகின் வடிவம் மாறாது.

புல் விதைக் கூட்டம் அநேகமாகப் புள்ளிச்சில்லை. வளர்ந்தவற்றின் முகமும் முதுகும் செம்பழுப்பு, வயிற்றில் வெள்ளை மேல் பழுப்புச் செதில் அடுக்கியதுபோல இருக்கும். குழப்புவது குஞ்சுகள்தான். செதிலே இல்லாமல் வெறும் வெளிர்பழுப்பாக இருக்கும், பெண் சிட்டு என்று நினைக்க வைக்கும். முதுகைப் பாருங்கள். பெண் சிட்டின் முதுகில் கருப்பும் பழுப்புமாக நீளக் கோடுகள் இருக்கும், கண்ணுக்குப் பின்னால் வெளிறிய பட்டை ஓடும். சில்லைக் குஞ்சின் முதுகில் கோடு கிடையாது, அலகும் கருத்திருக்கும். பெண் தூக்கணாங்குருவியும் முதுகில் கோடு போட்டதுதான். ஆனால் அதன் அலகு தடித்தது, புருவம் மஞ்சள் சாயலில் இருக்கும், வால் குட்டை.

எலுமிச்சையில் இருப்பது தையல்சிட்டு. உச்சந்தலை துரு நிறத்தில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். அகலமான இலையை நாராலும் சிலந்தி நூலாலும் தைத்துப் பைபோல ஆக்கிக் கூடு கட்டும், பெரும்பாலும் இடுப்பு உயரத்தில். அதனால் எலுமிச்சையைக் கவாத்து செய்வதற்கு முன் இலைகளைத் திருப்பிப் பாருங்கள். இதே மாதிரி வாலைத் தூக்கும் இன்னொன்று சாம்பல் கதிர்க்குருவி. அதன் முதுகு சாம்பல், கண் சிவப்பு. செடிக்குச் செடி பறக்கும்போது ‘டக் டக்’ என்று பொறி தெறிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் தையல்சிட்டிடம் கிடையாது.

செம்பருத்திக்கு வருவது தேன்சிட்டு. எது என்று சொல்லத் தொண்டை நிறம் வேண்டும். தொண்டை சாம்பல் வெள்ளை, மார்பு மஞ்சள் என்றால் ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண். தொண்டையிலிருந்தே மஞ்சள் என்றால் ஊதாத் தேன்சிட்டின் பெண். மஞ்சளின் நடுவே தொண்டையிலிருந்து மார்பு வரை கருங்கோடு ஓடினால் அது பெண்ணே அல்ல, இனப்பெருக்கக் காலம் முடிந்து மினுமினுப்பு உதிர்ந்த ஊதாத் தேன்சிட்டு ஆண். அலகு வழக்கத்தைவிட நீண்டு அரிவாள் மாதிரி வளைந்திருந்தால் லோட்டன் தேன்சிட்டையும் நினைவில் வையுங்கள்.

கருப்பு வெள்ளைக்காரர் குண்டுகரிச்சான். கண்ணாடியில் தெரிகிற தன் உருவத்தைத் தன் எல்லைக்குள் நுழைந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டைக்குப் போகிறது. பைக்கை நிறுத்தியதும் இரண்டு கண்ணாடிக்கும் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். ஜன்னல் கண்ணாடியைக் கொத்தினால் வெளிப்பக்கம் காகிதம் ஒட்ட வேண்டும். உள்ளே திரை போட்டுப் பயனில்லை, உருவம் தெரிவது வெளிப்பரப்பில்.

மெர்லின் செயலியில் குரலை வைத்துப் பெயர் பார்க்கலாம். இந்தியாவுக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொண்டால் இணையம் இல்லாமலும் வேலை செய்யும். ஆனால் அது சொல்வதைக் கண்ணால் பார்த்த பிறகே குறியுங்கள். கரிச்சான் (இரட்டைவால் குருவி, குண்டுகரிச்சான் அல்ல) வல்லூறின் குரலை அப்படியே எடுத்துவிடும், செயலி வல்லூறு என்றே காட்டக்கூடும். பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். வீட்டுக் கொல்லையில் 15 நிமிடம் நின்று எண்ணி ஈபேர்டில் (பறவைப் பட்டியல் பதியும் இணையதளம்) பதிந்தால் போதும். நீங்கள் சாதாரணம் என்று நினைக்கும் புறா, காக்காயையும் விடாமல் எழுதுங்கள். அவை கூடுகிறதா குறைகிறதா என்பதும் அந்தப் பட்டியலிலிருந்துதான் தெரியும்.

---

நிழல்மரம் பதில்:

வயலோரம் சொன்ன கூண்டு வேலை செய்யும். ஆனாலும் எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். இந்தத் தோட்டத்துக்கு வரக்கூடியவற்றில் தானியம் தின்பவை மிகச் சில. தையல்சிட்டு, குண்டுகரிச்சான், கரிச்சான் எல்லாம் பூச்சி தின்பவை. தேன்சிட்டுக்குப் பூவும் சிலந்தியும். கொண்டைக்குருவி, குயில், குக்குறுவானுக்குப் பழம். தட்டில் எந்தத் தானியத்தை வைத்தாலும் இவை திரும்பிப் பார்க்காது. முதல் வேலை தண்ணீர், இரண்டாவது செடி, கடைசியில் தானியம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எவர்சில்வர் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். வெயிலில் சுடும், விளிம்பு வழுக்கும், ஆழமும் அதிகம். அகலமான மண் தட்டு, ஒன்றரை அடி விட்டம் இருந்தால் நல்லது. ஓரத்தில் 1 செ.மீ., நடுவில் 4 செ.மீ. தண்ணீர் நின்றால் போதும். நடுவில் சொரசொரப்பான ஒரு கல். சின்னப் பறவைகள் ஆழம் தெரியாத தண்ணீரில் இறங்காது, கல்லில் நின்று விளிம்பில் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் குளிக்கும். காலை பத்து மணிக்கு மேல் நிழல் விழும் இடமாக, தரையிலிருந்து 3 அடி உயரத்தில் வையுங்கள். புதருக்கு ஒட்டி வைத்தால் பூனை பதுங்கும். நடு வெளியில் வைத்தால் வல்லூறுக்குப் பயந்து வராது. புதருக்கும் தட்டுக்கும் 6 அடி இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும்.

தினமும் தண்ணீரைக் கொட்டித் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, தேய்க்கவும் வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையை நீர்மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டி வைக்கும், புதுத் தண்ணீர் ஊற்றியதும் அது பொரியும். சோப்பு வேண்டாம்.

செடிகளில் உங்களிடம் ஏற்கெனவே பாதி இருக்கிறது. கறிவேப்பிலையைப் பூக்கவிட்டுப் பழுக்கவிடுங்கள், அந்தக் கருநீலப் பழத்துக்குக் கொண்டைக்குருவியும் குயிலும் தேடி வரும். இடம் இருந்தால் ஒரு சிங்கப்பூர் செர்ரி வையுங்கள், வேகமாக வளர்ந்து வருடம் முழுக்கப் பழம் தரும். வெட்சியும் மாதுளையும் தேன்சிட்டுக்கு. முருங்கையில் கம்பளிப்புழு வந்தவுடன் மருந்து அடிக்காதீர்கள். கையெட்டும் இடத்தில் மட்டும் பந்தத்தால் கருக்கிவிட்டு மேலே இருப்பதை விடுங்கள், முடி உள்ள புழுவையும் தின்கிற குயில் இனங்கள் உண்டு. ஒரு மூலையில் நான்கடி அகலத்துக்குச் சருகைப் பெருக்காமல் விடுங்கள். தவிட்டுக்குருவிக் கூட்டம் அதைக் கிளறும். குளிர்காலத்தில் அதிர்ஷ்டம் இருந்தால் வலசை வரும் ஆறுமணிக்குருவியும் வந்து இறங்கும்.

---

கொல்லைப்புறம்_திருச்சி:

மூவருக்கும் மிக்க நன்றி. தொண்டை வெள்ளைதான், ஊதாப்பிட்டத் தேன்சிட்டு என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா? சிட்டுக்கு மரப்பெட்டிக் கூடு வைத்தால் வருமா?

---

நிழல்மரம் பதில்:

சர்க்கரைத் தண்ணீர் வேண்டாம். திருச்சி வெயிலில் அரை நாளில் புளித்துவிடும், எறும்பு மொய்க்கும். தேன், வெல்லக் கரைசல் இன்னும் சீக்கிரம் கெடும். இன்னும் இரண்டு வெட்சி வையுங்கள்.

---

வயலோரம் பதில்:

பெட்டிக்கு வரும், பக்கத்துத் தெருவிலாவது சிட்டு இருந்தால். நுழைவுத் துளை 32 மி.மீ., அதைவிட மிகவும் பெரிதாக்கினால் மைனா பிடித்துக்கொள்ளும். உள்தரை 15 செ.மீ. சதுரம், துளை தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில். முக்கால் அங்குலச் சாதாரணப் பலகை போதும், தகரமும் பிளாஸ்டிக்கும் கோடையில் குஞ்சை வேகவைத்துவிடும். உள்ளே பெயின்ட் அடிக்காதீர்கள். அடியில் நான்கு மூலையிலும் 5 மி.மீ. துளை, மேல்சுவரில் காற்றுக்கு இரண்டு. துளைக்குக் கீழே உட்கார குச்சி வைத்து விற்கிறார்கள், அது சிட்டுக்குத் தேவையில்லை, காக்காய்க்குத்தான் பிடிமானம். மேற்கு வெயில் படாத சுவரில் 10 அடி உயரத்தில், கூரை நீட்டத்துக்குக் கீழே மாட்டுங்கள். மின்விசிறி சுழலும் அறைக்குள் மட்டும் வேண்டாம். சிட்டு கூட்டமாக வாழ்வது, இரண்டு மூன்று பெட்டி அடுத்தடுத்து இருந்தாலும் வரும்.

குஞ்சுக்கு முதல் நாட்களில் தாய் கொண்டுவருவது புழு பூச்சிதான், தினை அல்ல. நிழல்மரம் மருந்து வேண்டாம் என்றது பெட்டிக்கும் சேர்த்துத்தான். இறகு முளைத்த குஞ்சு கீழே கிடந்தால் வீட்டுக்குள் கொண்டுபோக வேண்டாம். பூனைக்கு எட்டாத கிளையில் வைத்துவிட்டு விலகி நில்லுங்கள், தாய் வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையல்ல. இறகே முளைக்காத குஞ்சு என்றால் எடுத்துக் கூட்டிலேயே திரும்ப வையுங்கள். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலில் இறங்கிவிடும்.