டெலிவரபிலிட்டிக்குச் ‘சேர்தகவு’ பொருந்துமா?

அன்புள்ள கலைச்சொல் குழும அன்பர்களுக்கு, வணக்கம்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டமொன்றின் விற்பனை மடல்களைக் கவனித்துவரும் அம்மையார் சென்ற மடலில் கேட்டிருந்தார்:

> புது அறுவடைக் காப்பி வந்ததும் பழைய வாடிக்கையாளர்களுக்கு மின்மடலில் தெரிவிக்கிறோம். எல்லா மடலும் டெலிவரி ஆகிவிட்டதாக மென்பொருள் காட்டுகிறது. விசாரித்தால், ஸ்பாமுக்குள் கிடந்தது என்கிறார்கள். மடல் ஸ்பாமில் சிக்காமல் வாசகரைச் சேர்வதைக் குறிக்கும் டெலிவரபிலிட்டியை ‘விநியோகத் திறன்’ என்று எழுதலாமா?

அம்மா, நீங்கள் சொன்ன நிகழ்விலேயே விடைக்கான வழி இருக்கிறது. அனுப்பும் வழங்கி (சர்வர்) ஒரு மடலைக் கொடுத்ததும், பெறும் வழங்கி 250 என்ற குறியீட்டைத் திருப்பி அனுப்புகிறது. ‘மடலைப் பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயிற்காவலரிடம் கூரியர்க்காரர் பொதியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதைப் போன்றது அது; பொதி வீட்டுக்குள் போனதா என்பது வேறு கேள்வி. உங்கள் மென்பொருள் எண்ணிக் காட்டுவது இந்த 250களைத்தான். ஆகவே டெலிவரியை ‘ஒப்படைப்பு’ என்றும், மடல் உள்பெட்டிக்கு (இன்பாக்ஸ்) வருவதைச் ‘சேர்வு’ என்றும் முதலில் பிரித்துவிடலாம் என்பது என் கருத்து.

இனி ‘திறன்’. அனுப்புகிறவரிடம் இருக்கும் ஆற்றலையே அச்சொல் குறிக்கிறது. ஆனால் மடலை உள்பெட்டியில் இடுவதா, எரிதப் (ஸ்பாம்) பெட்டியில் இடுவதா என்று முடிவெடுப்பது பெறும் வழங்கி. அது பார்ப்பது அனுப்புநரின் தகுதியை. ஒரு டொமைனின் (மின்மடல் முகவரியில் @ குறிக்குப் பின்வரும் பெயர்) பெயரில் மடல் அனுப்ப எந்தெந்த வழங்கிகளுக்கு உரிமையுண்டு என்பதை எஸ்.பி.எஃப். பதிவு சொல்கிறது. மடலில் இடப்பட்ட மறையீட்டுக் கையொப்பத்தை, டொமைன்களின் பொதுப் பதிவேடான டி.என்.எஸ்ஸில் வெளியிட்ட பொதுச்சாவியைக் (யாரும் எடுத்துச் சரிபார்க்கத் தரும் திறவுகோல்) கொண்டு சரிபார்ப்பது டி.கே.ஐ.எம். இவ்விரண்டில் ஒன்றாவது தேறி, அதன் டொமைன் வாசகரின் கண்ணுக்குத் தெரியும் அனுப்புநர் முகவரியின் டொமைனோடு பொருந்த வேண்டும் என்பது டிமார்க் என்ற மூன்றாவது சரிபார்ப்பு முறையின் விதி. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக்கொலுசு விற்கும் ஒருவர், இலவச ஜிமெயில் முகவரியை அனுப்புநராக வைத்துக்கொண்டு வேறொரு மொத்த மடல் சேவையின் வழியாக அனுப்பினால், இந்தப் பொருத்தம் அமையவே அமையாது. சேலத்துச் சிறு வணிகர்கள் சொந்த டொமைன் ஒன்றை வாங்கிவிடுவதுதான் நல்லது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான்.

இவையெல்லாம் அனுப்புகிறவர் யார் என்பதை மட்டுமே மெய்ப்பிக்கின்றன. எரிதம் அனுப்புவோரும் மூன்றையும் ஒழுங்காக அமைத்துக்கொள்ளலாம். தகுதியை உண்மையில் தீர்மானிப்பவர்கள் பெறுநர்களே. ஜிமெயில் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5,000க்கு மேல் மடல் அனுப்புவோர் மூன்றையும் அமைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரியில் கூகுள் விதித்தபோது, எரிதப் புகார் வீதம் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது என்றும், 0.1க்குக் கீழே இருப்பதே நன்று என்றும் சேர்த்தே சொன்னது. ஆயிரம் பேரில் மூவர் ‘இது ஸ்பாம்’ என்று அழுத்தினாலே எல்லை வந்துவிடுகிறது! விலகுவதற்கான இணைப்பை மடலின் அடியில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஒளித்துவைப்பது எவ்வளவு தவறான கணக்கு என்பது இதிலிருந்தே தெரியும். விலக வழி தெரியாதவர் எளிதாகக் கிடைக்கும் ஸ்பாம் பொத்தானைத்தான் அழுத்துவார். ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் அவ்விதிகளில் இருக்கிறது.

இக்காரணங்களால் ‘சேர்தகவு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். நிகழ்தகவு பள்ளிக் கணக்குப் புத்தகத்திலேயே பழகிய சொல். அதே அமைப்பில் இதுவும் வினைத்தொகையாக நிற்கும், ஒற்று மிகாது. ‘புதிய டொமைனின் சேர்தகவு குறைவாக இருக்கும்’, ‘சேர்தகவுச் சோதனை’, ‘சேர்தகவு கெட்டுவிட்டது’ என்று எழுதிப் பார்த்தேன், எங்கும் இடறவில்லை. நிகழ்தகவைப் போல இதுவும் 0 முதல் 1 வரையிலான எண் என்று யாரேனும் மயங்கக்கூடும் என்பது நியாயமான தடை. இங்கே தகவு என்பது தகுதியைக் குறிக்கிறது என்று வரையறையில் ஒரு வரி சேர்த்தால் அது தீரும். எண்ணாகச் சொல்ல வேண்டிய இடங்களில், மடல்களில் எத்தனை விழுக்காடு உள்பெட்டிக்கு வந்தன என்பதற்குச் ‘சேர்வு வீதம்’ தனியே இருக்கிறது.

‘எரிதம் தவிர்ப்பு’ என்று முன்பொருவர் பரிந்துரைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வடிகட்டியை ஏமாற்றித் தப்பும் உத்தி என்ற எண்ணத்தையே அது வளர்க்கும். கேட்டு வாங்கிய மடலை அனுப்பும் காப்பித் தோட்டத்தாருக்கு ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை.

ஒப்படைப்பு, சேர்வு, சேர்வு வீதம், சேர்தகவு ஆகிய நான்கையும் சேர்த்தே பரிசீலிக்க வேண்டுகிறேன். திரும்பிவரும் மடல்களில், பெட்டி நிரம்பியதால் வருவதையும் முகவரியே இல்லாததால் வருவதையும் பிரித்துச் சொல்ல எனக்கு இன்னும் நல்ல சொற்கள் அமையவில்லை. ‘தற்காலிகத் திரும்பல்’, ‘நிலைத் திரும்பல்’ என்பவற்றைவிடச் செறிவாக எவருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
அஸ்தம்பட்டி, சேலத்திலிருந்து