46 ரொக்கெட்டை 64 என்று நினைத்து வாங்கினால் பிழை யாரில்?

கொக்குவில்_ரொக்கெட்:

வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், முழுக்க வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

நாங்கள் நாற்பது பேர் மட்டில் ஒரு மைன்கிராஃப்ட் சேவரில் விளையாடுகிறோம். பாதி யாழ்ப்பாணத்துப் பெடியள், மிச்சம் கனடா, லண்டன். எல்லோரும் முதலில் வந்து இறங்குகிற ஸ்போனுக்குப் பக்கத்தில் கடைத்தெரு ஒன்று இருக்கிறது. பெட்டி ஒன்றை வைத்து அதில் பலகை அடித்தால் கடை தயார். பலகையில் நாலு வரி: கடைக்காரன் பெயர், எத்தனை, என்ன விலை, என்ன சாமான். வலது கிளிக் பண்ணினால் காசு கழிந்து சாமான் பைக்குள் வந்துவிடும், கடைக்காரன் அங்கே நிற்கத் தேவையில்லை.

நான் விற்பது ரொக்கெட். எலைட்ரா என்ற சிறகு போட்டுப் பறக்கிற எல்லோருக்கும் அது பெற்றோல் மாதிரி. என் கடைக்கு இரண்டு பக்கமும் இருப்பவர்கள் 64 ரொக்கெட்டை 32 காசுக்குக் கொடுக்கிறார்கள். நான் 30 காசு போட்டேன், எண்ணிக்கை 46. எதையும் மறைக்கவில்லை, இரண்டாவது வரியில் 46 என்று தெளிவாக இருக்கிறது. பெட்டிக்குள் அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது, அதனால் அப்படிப் போட்டேன்.

போன சனிக்கிழமை இரவு 13 வயதுப் பெடியன் ஒருவன் வந்து, இருபது தரம் கிளிக் பண்ணி 600 காசுக்கு வாங்கியிருக்கிறான். நான் அப்போது படுத்துவிட்டேன். விடிய எழும்பிப் பார்த்தால் கடை வாசலில் இன்னொரு பலகை, அதில் பெரிதாகக் 'கள்ளன்' என்று. டிஸ்கோர்டில் அவனுடைய அண்ணன் ரொறன்ரோவிலிருந்து நாலு பந்தி எழுதியிருக்கிறார், அதில் என் வளர்ப்பு பற்றியும் ஒரு பந்தி. அட்மினோ "நீங்களே கதைத்துத் தீருங்கள்" என்று ஒதுங்கிவிட்டார்.

எழுதியிருப்பதை வாசிக்காமல் வாங்கிவிட்டு என்னைக் கள்ளன் என்றால் என்ன நியாயம்? நான் பொய் எழுதவில்லையே.

ஜீட்டா_வாசி:

தம்பி, உன்னில் ஒரு பிழையும் இல்லை. நான் ஈவ் ஒன்லைன் கன வருசமாக விளையாடுகிறேன், 2003இல் வந்த கேம். அங்கே ஜீட்டா என்றொரு இடம், பெரிய சந்தை. அந்த இடத்துச் சட்டுக்குள் (எழுத்து அரட்டைக்குள்) போய் நின்றால் "காசு அனுப்பு, இரட்டிப்பாக்கித் தருகிறேன்" என்று மழை மாதிரிக் கொட்டும். ஒப்பந்தம் போட்டு விற்கிறவன் தலைப்பில் ஒன்று சொல்லி உள்ளே வேறொன்று வைப்பான், விலையில் ஒரு பூச்சியத்தைக் கூட்டி வைப்பான். அங்கே அது விதிமீறல் இல்லை. ஏமாந்தேன் என்று எழுதினால் கேமை நடத்துகிறவர்கள் உனக்கு காசைத் திருப்பித் தரமாட்டார்கள். நானும் முதல் மாதத்தில் ஒருதரம் நன்றாக வாங்கிக் கட்டினேன், அதற்குப் பிறகு இல்லை.

13 வயதில் 140 காசு இழப்பது மலிவான பாடம் (46இன்படி 920 ரொக்கெட், பக்கத்துக் கடையில் அதுவே 460 காசு, கணக்குச் சரிதானே?).

கணக்குப்_பிள்ளை:

கணக்குச் சரி. வேறொரு கணக்குத்தான் இடிக்கிறது.

பெட்டிக்குள் 46 ரொக்கெட்தான் இருந்தது, அதனால் 46 போட்டேன் என்கிறீர்கள். அப்படியென்றால் முதல் கிளிக்கோடு பெட்டி வெறுமை. மிச்சம் 19 தரம் அவன் எதை வாங்கினான்? நீங்கள் படுத்துவிட்டீர்கள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

கொக்குவில்_ரொக்கெட்:

அது முதல் நாள் நிலவரம். பேந்து நிரப்பினேன், பலகையை மாற்ற மறந்துவிட்டேன்.

கணக்குப்_பிள்ளை:

சரி.

பழைய_மேர்ச்சன்ட்:

இதை வாசிக்க எனக்கு வெள்ளவத்தை நெட் கபே நாட்கள்தான் ஞாபகம் வருகிறது. ரக்னரோக் விளையாடியவர்கள் யாரும் இங்கே இருக்கிறீர்களோ தெரியாது. அதில் மேர்ச்சன்ட் என்றொரு வகுப்பு, தள்ளுவண்டியோடு புரொன்ரேரா நகர வீதியில் குந்திக் கடை விரிக்கலாம், திறமையை முழுக்க ஏற்றினால் 12 சாமான் வரைக்கும். தலைக்கு மேல் கடைப் பெயர் மிதக்கும், அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். நான் செய்த கூத்தைச் சொல்கிறேன், இப்போது சொல்லலாம், கன காலமாகிவிட்டது. பலம் கூட்டுகிற கார்ட் செருக ஓட்டை உள்ள கேடயம் விலை கூட, ஓட்டை இல்லாதது கடையில் சும்மா கிடைக்கும். படம் இரண்டுக்கும் ஒன்று, பெயருக்குப் பின்னால் அடைப்புக்குள் இருக்கிற ஒரு இலக்கம்தான் வித்தியாசம். ஓட்டை இல்லாததை ஓட்டை உள்ளதன் விலைக்குக் கொஞ்சம் கீழே வைத்துவிட்டு, கடைப் பெயரில் "அவசரம், ஊர் போகிறேன், மலிவு" என்று போடுவேன்.

நானும் பொய் எழுதவில்லை. ஊருக்குப் போகத்தான் இருந்தேன், எப்போதோ ஒருநாள்.

விசயம் என்னவென்றால், அந்த 'அவசரம்' என்ற சொல்லை நான் ஏன் போட்டேன்? வாங்குகிறவன் அடைப்புக்குறியைப் பார்க்காமல் ஓடிவந்து அமத்தவேண்டும் என்றுதான். வாசிக்காமல் விட்டது அவன் பிழை என்று பேந்து நானே சொல்வேன். வாசிக்க விடாமல் பண்ணினது யார்?

உம்முடைய 46இலும் அதேதான். 64 என்பது மைன்கிராஃப்டில் இலக்கம் இல்லை, ஒரு அடுக்கு, ஒரு கட்டு. தெரு முழுக்க 64, 64, 64 என்று பார்த்துக்கொண்டு வருகிற கண்ணுக்கு 46 என்பது 64ஆகத்தான் விழும். 20 என்று போட்டிருந்தால் அவன் கண்டிருப்பான். 50 என்றாலும் கண்டிருப்பான்.

வாங்கின பிறகும் அவனுக்குத் தெரியவராது, அதுதான் கெட்டித்தனம். முதல் கிளிக்கில் 46 வரும். இரண்டாவதில் 92, ஆனால் பைக்குள் அது முழு அடுக்கு ஒன்றும் 28உம் என்று காட்டும். இருபது தரம் அமத்தினால் 14 முழு அடுக்கும் ஓரத்தில் 24உம். பெட்டி பெட்டியாக 64, 64 என்று அடுக்கியிருக்கும், பார்க்க வடிவாக இருக்கும். அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினால்தான் ஆறு குறைகிறது என்று விளங்கும். 13 வயதுப் பெடியன் இரவில் எண்ணுவானா?

புளியமரத்தடி:

சட்டில் "46 வாங்கினாய், 30 காசு" என்று ஒவ்வொரு தரமும் வரி விழுமே அண்ணை, அதை நீங்கள் சொல்லவில்லை. ஆனால் சனிக்கிழமை இரவு கனடாக்காரர் எல்லோரும் பகலில் வந்து அரட்டையை நிரப்புகிற நேரம், அது ஓடிப்போயிருக்கும் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

எனக்கு நடந்தது வேறு. ஒருவர் எலைட்ராவைச் சட்டத்தில் மாட்டிக் காட்சிக்கு வைத்திருந்தார், கையால் மாற்றுகிற வியாபாரம். சட்டத்தில் மாட்டினால் தேய்மானக் கோடு தெரியாது. புதிதென்றால் உழைப்பு 432 இருக்கவேண்டியது, என் கைக்கு வந்தபோது 20 சொச்சம். அதைப் பழுதுபார்க்கிற பன்ரம் மெம்பிரேன் ஒன்றுக்கு 108 ஏறும், நாலு தேடி மூன்று இரவு நித்திரை கொள்ளாமல் அலைந்தேன். இது வேறொரு சேவர். நுகர்வோர் அதிகார சபையின் 1977 தொலைபேசி இலக்கத்துக்கு அடித்துச் சொல்லலாம் என்றால் சொல்லியிருப்பேன்.

ஜீட்டா_வாசி:

எல்லோரும் பெடியனைக் குழந்தையாக்கி அழுகிறீர்கள். பழைய மேர்ச்சன்ட் அண்ணை, மறுபக்கமும் இருக்கிறதே. கடைக்காரன் தவறி ஒரு பூச்சியம் குறைத்துப் போட்டால், கோடி பெறுமதியான சாமான் பத்து லட்சத்துக்குப் போய்விடும். வாங்கினவன் திருப்பிக் கொடுப்பானா? "பலகையில் அப்படித்தான் இருந்தது" என்பான். அப்போது மட்டும் பலகை வேதம், இப்போது மட்டும் பலகை மோசடியா? சந்தை என்றால் இப்படித்தான், எல்லோருக்கும் தெரிந்துதான் வருகிறார்கள்.

உரும்பிராய்_தோட்டம்:

'எல்லோருக்கும் தெரியும்' என்ற கதையை எனக்குச் சொல்லாதீர்கள். அப்பா தோட்டக்காரர். எங்கள் பக்கத்துச் சந்தைகளில் 100 கிலோ மரக்கறி கொண்டுபோனால் 10 கிலோ 'கழிவு' என்று வெட்டிவிட்டு 90 கிலோவுக்குக் காசு தருகிற வழக்கம் எல்லோருக்கும் தெரியும். விடிய நாலு மணிக்கு மூட்டையைக் கட்டும்போது அப்பாவுக்கும் தெரியும். தெரிந்ததால் அது நியாயமாகிவிட்டதா? அதை நிறுத்தச் சொல்லி எத்தனை கூட்டம், எத்தனை கடிதம்.

வாங்குகிற பக்கமும் அப்படித்தான். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குப் போனால் போஞ்சிக் குவியலில் அட்டை குத்தியிருக்கும், பெரிய எழுத்தில் 150. கிட்டப் போய்க் குனிந்தால் மூலையில் 250 கிராம். அம்மா ஒருதரமும் ஏமாற மாட்டா, ஏனென்றால் அவ அட்டையைப் பார்ப்பதே இல்லை, "கிலோ என்ன விலை" என்று வாயால்தான் கேட்பா. அந்தக் கேள்விக்குப் பொய் சொல்ல வியாபாரிக்குக் கொஞ்சம் கூச்சம் வரும். உங்கள் கடையில் கேட்பதற்கு ஆளில்லை, பலகை மட்டும்தான். அப்படியென்றால் அம்மாவின் கேள்விக்கான பதிலையும் அந்தப் பலகைதான் சொல்லவேண்டும்.

பூச்சியம் விட்ட கடைக்காரன் பற்றி: தவறி விட்டவன் ஒரு ஆள், தெரிந்து வைத்தவன் இன்னொரு ஆள். இரண்டு பேரையும் ஒரே வாங்கில் இருத்தாதீர்கள்.

கறுத்தக்கொழும்பான்:

சேவர் நடத்துகிறவர்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது, அட்மின் ஒதுங்கினது சரியில்லை. ரூன்ஸ்கேப் என்ற கேமில் 2007இல் கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பொதுச் சந்தை வந்ததே, அதில் நீங்கள் தவறிக் கூடிய விலை போட்டாலும், குறைந்த விலைக்கு விற்க ஆள் இருந்தால் மிச்சக் காசு உங்களுக்கே திரும்பி வரும். பூச்சியம் கூட்டி ஆளை மாட்டுகிற விளையாட்டு அதோடு பாதி செத்துவிட்டது. மனிதரைத் திருத்தவில்லை, கடையின் அமைப்பைத் திருத்தினார்கள். உங்கள் அட்மினுக்கு அவ்வளவு வேலையும் வேண்டாம். பலகையில் எண்ணிக்கை 1, 16, 64 மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்று ஒரு விதி போட்டால் போதும்.

கொக்குவில்_ரொக்கெட்:

இரண்டு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. கணக்குப்பிள்ளை "சரி" என்று ஒரு சொல்லோடு விட்டதுதான் என்னைக் கூடக் குத்தியது.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் என் பலகையிலும் 64தான், விலை 32. பக்கத்தில் இரண்டு கடை, யார் வருவான். விலையை 30க்கு இறக்குவதற்குப் பலகையை உடைத்துத் திரும்ப அடித்தபோது கை தவறி 46 விழுந்தது. இது சத்தியமாகத் தவறித்தான். அன்றைக்குப் பின்னேரம் பார்க்கிறேன், பெட்டி பாதி காலி. அப்போதுதான் பலகையை வாசித்தேன். திருத்தப் போனேன், பிறகு "நாளைக்குத் திருத்துவோம்" என்று விட்டேன். நாளைக்கும் விட்டேன். மூன்று கிழமையாக அப்படியே நிற்கிறது. பெட்டியில் 46 இருந்தது என்ற கதையை யாராவது கேட்டால் சொல்ல வைத்திருந்தேன், முதல் கேட்டது நீங்கள்தான்.

அந்தப் பெடியனுக்கு 140 காசு திருப்பித் தருகிறேன் என்றேன். அவனுடைய அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. தம்பி 1280 என்று நம்பித்தான் 600 கொடுத்தான், குறைகிற 360 ரொக்கெட்டையும் வை என்றார். பக்கத்துக் கடை விலையில் அது 180 காசு. அவர் சொல்வதும் சரிதான் என்று பட்டது. 360 ரொக்கெட்டுக்குக் கடதாசி 120, வெடிமருந்து 120. கரும்பு என் தோட்டத்தில் நிற்கிறது, வெடிமருந்துக்குத்தான் நேற்று இரவு கிரீப்பர் என்ற பிராணிக்குப் பின்னால் திரிந்தேன், இரண்டு தரம் செத்தேன். கொண்டுபோய் அவனுடைய வீட்டு வாசலில் பெட்டியில் வைத்துவிட்டு வந்தேன். 'கள்ளன்' பலகையை அவன் இன்னும் கழற்றவில்லை, நானும் கழற்றவில்லை.

இப்போது என் கடையில் 64, விலை 31.

ஜீட்டா_வாசி:

ஒரு காசு குறைவா, பரவாயில்லை, வியாபாரி. 😄

உரும்பிராய்_தோட்டம்:

மூன்று கிழமையில் அந்தப் பெடியன் மட்டுமா வாங்கினான்?

கொக்குவில்_ரொக்கெட்:

இல்லை. கன பேர். யார் யார் என்று எனக்குத் தெரியாது, வாங்கினவர்களின் பதிவு (லொக்) அட்மினிடம்தான் இருக்கும். அதைக் கேட்டால் ஏன் என்று கேட்பார்.

கணக்குப்_பிள்ளை:

கேட்கட்டும்.