டிபி குணமான பிறகும் அடங்காத மூச்சிரைப்பு: எங்கள் அனுபவம்

அப்பாவுக்கு நுரையீரல் டிபி. ஆறு மாத மாத்திரையை ஒரு வேளைகூடத் தவறாமல் போட்டு முடித்தார். கடைசி சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை. குணமாகிவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் எட்டு மாதம் ஆகியும், சட்டைப் பொத்தானைப் போட்டு முடிப்பதற்குள் இரண்டு முறை கட்டிலில் உட்காருவார். டிபி வந்த நெஞ்சு, தழும்பு இருக்கத்தானே செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிபி பார்த்தால் 120/80. அதனால் பயமே வரவில்லை.

ஒருநாள் அவர் காலைப் பிடித்துவிடும்போது, கணுக்காலுக்கு மேல் என் கட்டைவிரல் பதிந்த இடம் குழியாகவே நின்றது. மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். உட்கார்ந்திருக்கும்போது ஆக்சிஜன் 94. அந்த டாக்டர் அதோடு விடாமல் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னார். பாதி தூரத்திலேயே 83-க்கு இறங்கிவிட்டது. எக்கோவில் (இதய ஸ்கேன்) இதயத்தின் வலது பக்கம் பெருத்திருந்தது.

"கையில பட்டி கட்டிப் பார்க்கிறது உடம்புக்குப் போற ரத்தத்தோட பிபிம்மா. நுரையீரலுக்குன்னு தனி பிபி இருக்கு. அது அந்தப் பட்டியில தெரியாது" என்றார். டிபி அரித்த இடத்தில் நுண்ணிய ரத்தக்குழாய்களும் சேர்ந்தே அழிந்துவிடுகின்றன. மிச்சக் குழாய்கள் ஆக்சிஜன் குறையக் குறையச் சுருங்குகின்றன. அந்தக் கொஞ்ச வழியில் மொத்த ரத்தத்தையும் தள்ளித் தள்ளி வலது இதயம் ஓய்ந்துபோகிறது. இதற்குப் பெயர் பல்மனரி ஹைப்பர்டென்ஷன். கிருமி செத்த பிறகும் இப்படி வரலாம் என்று எங்களுக்கு யாருமே சொல்லவில்லை. அந்த ஆதங்கம் இன்னும் போகவில்லை.

*

அக்கா, எனக்கு டிபி இரண்டு முறை வந்தது. இடது நுரையீரலின் மேல்பகுதி சுருங்கிவிட்டது. எக்கோ ரிப்போர்ட்டில் நுரையீரல் பிபி 58 என்று பார்த்துவிட்டு அன்று இரவு தூங்கவே இல்லை. பிறகுதான் விளக்கினார்கள்: எக்கோ காட்டுவது உச்ச அழுத்தத்தின் மதிப்பீடு. சரியாக அளக்க, ரத்தக்குழாய் வழியே வலது இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டுப் பார்க்க வேண்டும். அதில் சராசரி அழுத்தம் 20-ஐத் தாண்டினால் அதிகம். முன்பு 25 என்று வைத்திருந்தார்கள்; 2022 ஐரோப்பிய வழிகாட்டுதலில் 20 ஆக்கினார்கள். எக்கோ தாளையும் குழாய் விட்டுப் பார்த்த தாளையும் வைத்துக்கொண்டு எண்களை ஒப்பிட்டுக் கலங்காதீர்கள்.

எனக்கு சும்மா இருக்கும்போதே ஆக்சிஜன் 87. வீட்டில் மெஷின் வைத்திருக்கிறேன். மூச்சு வாங்கும்போது மட்டும் மாட்டிக்கொண்டால் போதும் என்று இருந்தது என் தப்பு. தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குக் குறைந்தது 15 மணி நேரம் போட வேண்டும். ஒழுங்காகப் போட ஆரம்பித்த பிறகு காலை நேரத் தலைவலி நின்றது.

*

நான் நெஞ்சுநோய் வார்டில் நர்ஸ். ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். நுரையீரல் பிபிக்கு சில்டெனாஃபில் என்ற மாத்திரை கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டு நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நுரையீரல் கெட்டதால் வரும் இந்த வகைக்கு அது வழக்கமாகக் கொடுக்கும் மருந்து அல்ல. காற்று சரியாகப் போகாத பகுதிக்கும் ரத்தத்தைத் திறந்துவிட்டு, ஆக்சிஜனை இன்னும் இறக்கிவிடலாம். டிபி மருந்து ஓடிக்கொண்டிருந்தால், அதிலுள்ள ரிஃபாம்பிசின் சில்டெனாஃபிலின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்தும்விடும்.

பழைய டிபிக்காரர்களுக்கு மூச்சிரைப்பு கூடினால் சளியையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். திரும்ப டிபி வந்திருக்கலாம், நுரையீரல் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கலாம். ரத்த உறைவாக இருந்தால் அதற்கு வைத்தியமே வேறு. கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே எக்கோ எடுத்துவிடுங்கள். இந்த அழுத்தத்தோடு பிரசவம் தாய்க்கு மிகவும் ஆபத்து.

*

நன்றி சிஸ்டர். அப்பாவுக்கும் சளியை மறுபடி பார்த்தார்கள், கிருமி இல்லை. நீர் பிரியும் மாத்திரை, உப்புக் குறைப்பு, நடக்கும்போது ஆக்சிஜன், மூச்சுப் பயிற்சி என்று போகிறது. தினமும் காலையில் எடை பார்த்து நாட்காட்டியில் எழுதுகிறேன். இரண்டு நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே கூப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். இன்று காலை சட்டைப் பொத்தானை ஒரே ஒரு முறை உட்கார்ந்து போட்டு முடித்தார்.